சுராங்கனி யாருடைய பாட்டு?

நம்மூர்க் கல்யாண விருந்தில் ஒரு கட்டம் வரும். சாப்பாடு முடிந்து, கிளம்பலாமா என்று பெரியவர்கள் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கும் நேரம். சரியாக அப்போது டிஜே ‘சுராங்கனி’யைப் போடுவார். கிளம்ப எழுந்த அத்தையும் மாமாவும் கைப்பையை நாற்காலியிலேயே வைத்துவிட்டு ஆடப் போய்விடுவார்கள்.

வானொலியில் வேலை செய்யும் எனக்கு இந்தப் பாட்டு இன்னொரு வகையிலும் பழக்கம். நேயர்கள் இதைக் கேட்கும்போது பாடகர் பெயரையும் சேர்த்தே கேட்பார்கள். ஒருவர் “மலேசியா வாசுதேவன் பாட்டு” என்பார். அடுத்தவர் “அது சிலோன் மனோகர் பாட்டுங்க” என்று திருத்துவார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். அது எப்படி என்று தெரிந்துகொள்ள, ஒரு மாலை பிரிக்பீல்ட்சில் நடந்து பாருங்கள்.

கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பூக்கடைகளையும் புடவைக் கடைகளையும் தாண்டி ஜாலான் பெர்ஹாலாவுக்குள் நுழைந்தால் பௌத்த மகா விகாரை தெரியும். பிரிட்டிஷ் காலத்தில் இங்கே குடியேறிய சிங்களவர்கள் 1894-இல் தொடங்கியது. அங்கிருந்து நடக்கும் தூரத்தில்தான் ஜாலான் ஸ்காட் பக்கம் ஸ்ரீ கந்தசுவாமி கோவில் இருக்கிறது. அதைக் கட்டியவர்கள் யாழ்ப்பாணத் தமிழர்கள். ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலைக்கு வந்தவர்கள் அவர்கள். ஒரே தீவிலிருந்து கப்பலேறிய இரண்டு சமூகங்கள், கடல் கடந்து வந்தும் ஒரே வட்டாரத்தில் குடியிருந்தன.

சுராங்கனியும் அந்தத் தீவின் பாட்டு. அந்த இரண்டு மொழிகளுக்கும் நடுவில் வளர்ந்தது. 1970-களில் இலங்கையில் ‘பொப்’ இசை கொடிகட்டிப் பறந்தபோது, ஏ.இ. மனோகரன் என்ற தமிழர் அதைப் பாடிப் புகழ்பெறச் செய்தார். தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு அவர் சிலோன் மனோகர். நாம் சேர்ந்து கத்தும் பல்லவி சிங்களம். நடுவில் வரும் வரிகள் தமிழ். பல்லவியில் வரும் ‘மாலு’வை ஏதோ பெண்ணின் பெயர் என்று நினைத்திருக்கும் நேயர்கள் பலர். சிங்களத்தில் மாலு என்றால் மீன்.

தாளம் இன்னும் தூரத்திலிருந்து வந்தது. அந்தப் பாட்டு வகைக்குப் பைலா என்று பெயர். போர்த்துகீசிய மொழியில் ‘பைலார்’ என்றால் ஆடுவது. போர்த்துகீசியர்களும் அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களும் இலங்கையில் விட்டுச்சென்ற ஆட்டத்தாளம் அது. 1940-களில் வொலி பஸ்தியன் என்ற காவல்துறைக்காரர் அதைச் சிங்கள மக்களிடம் பரப்பினார். 1511-இல் மலாக்காவைப் பிடித்தவர்களும் அதே போர்த்துகீசியர்கள்தான். நம் ஜோகெட்டிலும் அவர்களின் இசைச் சாயல் உண்டு. ஜோகெட் ஆடிப் பழகிய கால் சுராங்கனிக்குத் தடுமாறாமல் ஆடுவதில் ஆச்சரியமில்லை.

இனி வாசுதேவன் கதை. மலேசியாவில் மலையாளப் பெற்றோருக்குப் பிறந்து, சினிமாக் கனவோடு சென்னைக்குப் போனவர் அவர். 1977-இல் ‘16 வயதினிலே’ அவர் பெயரை ஊரறியச் செய்தது. அதே ஆண்டு வந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்கு இளையராஜா இசை. அதில் சுராங்கனியை வாசுதேவனும் ரேணுகாவும் பாடினார்கள். இலங்கைப் பாட்டு தமிழ்நாட்டுக்குப் போனபோது, அதைப் பாடியது மலேசியாக் குரல். அந்தக் குரலோடுதான் அது நம் தோட்டங்களுக்கும் பட்டணங்களுக்கும் வந்து சேர்ந்தது.

பிரிக்பீல்ட்சிலிருந்து அப்படியே கொமியூட்டர் ஏறிக் கிள்ளானுக்குப் போகலாம். கோலாலம்பூருக்கும் கிள்ளான் பக்கத்துக்கும் 1886-இல் தொடங்கிய பழைய ரயில் வழி இது. தோட்டக் காலத்தில் இந்த வட்டாரத்தில் ஒரு கோடு இருந்தது. அலுவலகத்தில் கிராணி பெரும்பாலும் யாழ்ப்பாணத்தார் அல்லது மலையாளி. பால் மரத்தடியில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். பிள்ளைகள் ஒன்றாகப் படித்தாலும், சம்பந்தம் பேசும்போது அந்தக் கோடு பெரியவர்கள் நினைவுக்கு வந்துவிடும். இன்று கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் தீபாவளிக் கூட்டத்தில் தோள் இடிக்க நடக்கும்போது, யார் எந்தப் பக்கத்து வாரிசு என்று பார்த்துச் சொல்ல முடியாது. அவர்கள் எல்லோரும் ஆடும் பாட்டு ஒன்றுதான். அதைப் பரப்பியவர் இலங்கைத் தமிழர், படத்தில் பாடியவர் மலையாள வீட்டுப் பிள்ளை, இசையமைத்தவர் பண்ணைப்புரத்துக்காரர்.

1983 முதல் 2009 வரை அந்தத் தீவில் போர் நடந்தது. இரண்டு மொழிக்காரர்களும் ஒருவரையொருவர் அஞ்சி வாழ்ந்த ஆண்டுகள் அவை. அப்போதும் இரு மொழியிலும் சேர்ந்து ஒலித்த இந்தப் பாட்டு மறக்கப்படவில்லை. இந்தி உட்பட வேறு மொழிகளுக்கும் போனது. மறுபதிப்பு வர வர, பாட்டு வளர்ந்தது. பாடியவர் பெயர்தான் தேய்ந்தது. வாசுதேவன் 2011-இலும் மனோகரன் 2018-இலும் சென்னையில் மறைந்தார்கள். இன்றைய ரீமிக்ஸ்களில் பல சமயம் இருவர் பெயரும் இருப்பதில்லை.

ஒரு பாட்டைத் திரும்பப் பாடுவதால் பழைய பாட்டுக்கு நஷ்டம் எதுவும் வராது. பெயரை விட்டுவிட்டால்தான் நஷ்டம். அதனால் சுராங்கனியைப் போடும்போது எந்தப் பதிவாக இருந்தாலும் இரண்டு பெயரையும் நான் சொல்லிவிடுவேன். அதற்குப் பத்து விநாடி போதும்.

நீங்களும் செய்யலாம். அடுத்த விருந்தில் இந்தப் பாட்டு வரும்போது, பக்கத்தில் ஆடும் பிள்ளையிடம் ‘மாலு’ என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். மீன் என்று சொன்னதும், “இது எந்த மொழி?” என்று அது திருப்பிக் கேட்கும். அங்கிருந்து கதையைத் தொடங்கலாம்.