பாட்டி பார்த்த பாரீஸ்

வெளிநாட்டுச் சுற்றுலா என்றதும் எல்லோருக்கும் விமானமும் ஈஃபிள் கோபுரமும்தான் நினைவுக்கு வரும். கிழக்குத் தாம்பரத்திலிருந்து 2023 மே மாதம் கிளம்பிய ஒரு குடும்பத்துக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தது ஒரு நோட்டுப் புத்தகம். பாட்டியின் மூத்த மகன் அக்கவுண்டன்ட். எந்தச் செலவையும் எழுதாமல் விடமாட்டார்.

முதல் பக்கத்திலேயே விசா கட்டணம் இரண்டு முறை ஏறிவிட்டது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் ஒரே விசா போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. பிரான்ஸ் ஷெங்கன் நாடு, பிரிட்டன் அதில் சேரவே இல்லை. அதனால் ஒரு விசா கிடைத்து பாஸ்போர்ட் கைக்குத் திரும்பி வந்த பிறகுதான் அடுத்ததற்கு ஓட வேண்டும். பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரி ரிட்டர்ன் எல்லாம் இரண்டு செட். பிரான்சில் உள்ள உறவினர் தன் ஊர் மேரியில் (நகராட்சி அலுவலகம்) வாங்கி அனுப்பிய சான்றிதழ் வேறு. "மேரி" என்ற சொல்லைக் கேட்டதும் பாட்டி சிரித்தார். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பிறந்தவருக்கு அது நம்ம ஊர் சொல்தானே!

லண்டனில் இளைய மகன் வீடு, ஈஸ்ட் ஹாமில். தெருவில் இறங்கினால் தமிழ்க் கடை, இட்லி, சாம்பார். நடந்து போகிற தூரத்தில் முருகன் கோவில். "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று மருமகள் கேட்டார். ஒரு பவுண்ட் அப்போது ஏறக்குறைய 100 ரூபாய் என்பதால் பெருக்குவது சுலபமாக இருந்தது. அதுதான் பிரச்சினையே. ஒரு டீ 250 ரூபாய் என்று தெரிந்த பிறகு யாருக்கும் டீ இறங்கவில்லை. ஃபிளாஸ்க்கில் காபி போட்டுக்கொண்டுதான் ஊர் சுற்றினார்கள்.

பிரிட்டிஷ் மியூசியத்துக்கு டிக்கெட் கிடையாது. நோட்டில் பூஜ்யம் விழுந்த ஒரே நாள் அது. அங்கே அமராவதி ஸ்தூபியின் சிற்பங்கள் ஒரு தனி அறையில் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் சென்னையிலிருந்து கப்பலேறியவை.

"மீதியெல்லாம் எங்கடா?" என்று பாட்டி கேட்டார்.

"நம்ம எழும்பூர் மியூசியத்துலதாம்மா கொஞ்சம் இருக்கு."

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போனால் எழும்பூர். அறுபது வருஷமாக அந்த வழியில் போய் வந்தும் பாட்டி அந்தக் கற்களைப் பார்த்ததில்லை. "ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க" என்று மட்டும் சொன்னார்.

பாரீஸ் பயணத்துக்கு இளைய மகன் எக்ஸெல்லில் அட்டவணை போட்டிருந்தார். முதல் நாள் மாலை 5 முதல் 7 வரை மாமா வீடு. இரண்டாம் நாள் டிஸ்னிலேண்ட். மூன்றாம் நாள் லூவர், ஈஃபிள், சீன் நதியில் படகு, இரவு ரயில்.

லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறும் முன்பே பிரெஞ்சு அதிகாரிகள் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திவிட்டார்கள். கடலுக்கு அடியில் போகும் சுரங்கம் 1994இல் திறக்கப்பட்டது. நீளம் 50 கிலோமீட்டர், அதில் 38 கிலோமீட்டர் கடலுக்குக் கீழே. ஜன்னலில் மீன் தெரியும் என்று காத்திருந்த பேத்திக்கு இருபது நிமிஷம் இருட்டுதான் தெரிந்தது.

பாட்டியின் அண்ணன் எப்படிப் பிரெஞ்சுக்காரர் ஆனார் என்பதைச் சொல்ல வேண்டும். புதுச்சேரி நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்றே இந்தியாவிடம் வந்துவிட்டது. ஆனால் ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்று. அதற்கு அடுத்த ஆறு மாதத்துக்குள், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புபவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியர். அண்ணன் எழுதிக் கொடுத்தார். பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து (ஊரில் 'சொல்தா' என்பார்கள்) பிறகு பாரீஸிலேயே தங்கிவிட்டார். தங்கச்சி அப்போது கல்யாணமாகி தாம்பரத்தில் இருந்தார், மாசமாக.

அண்ணன் வீடு பாரீஸுக்கு வடக்கே சார்செலில். ரயில் வந்து நிற்கும் கார் து நோர் ஸ்டேஷனிலிருந்து புறநகர் ரயிலில் கால் மணி நேரம், தாம்பரத்திலிருந்து பல்லாவரம் போகிற மாதிரி. அண்ணனுக்கு 86 வயது. முட்டி வலியால் அவர் ஊருக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகிவிட்டது. முதல் நாள் அந்த இரண்டு மணி நேரமும் மற்றவர்கள்தான் பேசினார்கள். அண்ணனும் தங்கச்சியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

மறுநாள் காலை பாட்டி செருப்பு மாட்டிக்கொண்டு சொன்னார்: "நீங்க போய்ட்டு வாங்கப்பா. என்னை அண்ணன் வீட்ல விட்டுடுங்க."

"அம்மா, டிக்கெட் வாங்கியாச்சு. பணம் திரும்ப வராது."

"வராட்டி போகட்டும்."

காமர்ஸ் பாடத்தில் இதை 'சங்க் காஸ்ட்' என்பார்கள். போன பணம் போனதுதான், அதற்காக அடுத்த முடிவைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. பரீட்சையில் எழுதுவது சுலபம். டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அக்கவுண்டன்ட் மகன் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

அன்று அண்ணன் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார். உள்ளே 1962இல் அவர் எழுதிக் கொடுத்ததன் நகல்.

"உனக்கும் சேர்த்துத்தான் ஃபாரம் வாங்கிட்டு வந்தேன் தங்கச்சி. கட்டிக்கொடுத்த பொண்ணுக்கு எதுக்குன்னு அப்பா மடிச்சு உள்ள வச்சிட்டாரு. உங்கிட்ட சொல்லணும் சொல்லணும்னு இத்தனை வருஷம் ஓடிப்போச்சு."

பாட்டி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா கேட்டிருக்கலாம்" என்றார்.

அண்ணன் தலையை ஆட்டினார். பாட்டி எழுந்து போய் இரண்டு பேருக்கும் காபி போட்டார். மூன்றாம் நாளும் பாட்டி சார்செலுக்கே போனார். லூவர் இல்லை, ஈஃபிள் இல்லை, படகும் இல்லை.

ஊர் திரும்பிய பிறகுதான் பாட்டி இதை வீட்டில் சொன்னார். மூத்த மகன் அப்போது நோட்டில் மொத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணன் வீட்டுக்குப் போய் வந்த செலவு எவ்வளவுடா?"

அவர் பக்கத்தைப் புரட்டினார். மூன்று நாள் ரயில் டிக்கெட், ஒரு பெட்டி ஆப்பிள். மொத்தச் செலவில் அது தூசு.

"நான் போனது அதுக்குத்தான்" என்றார் பாட்டி.

பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து ஈஃபிள் டவர் பார்த்தீர்களா என்று கேட்டால், பேத்தியின் செல்போனைக் காட்டச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சார்செலிலிருந்து போன் வருகிறது. அந்த நேரத்தில் வீட்டில் டிவியை அணைத்துவிட வேண்டும்.