கோலமும் ஒரு ஜம்ப்பும்

கோலத்துக்கும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்கும் என்னப்பா சம்பந்தம் என்று சிரிக்காதீர்கள் நண்பர்களே! எனக்கு அது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இன்பிளாண்ட் ட்ரெய்னிங்கில்தான் புரிய ஆரம்பித்தது.

கம்பெனி பெயர் வேண்டாம். கன்வேயரில் பெட்டிகளை எண்ணும் புரோகிராம். எண்ணிக்கை 12 ஆனதும் பெல்ட் நிற்க வேண்டும். அதில் சின்ன மாற்றம் செய்யச் சொன்னார்கள். நானும் பெரிய மேதாவி போல ஒரு 'ஜம்ப்' போட்டேன். அது எண்ணிக்கையைச் சைபராக்கும் வரியைத் தாண்டி, லூப்பின் நடுவில் போய்க் குதித்தது. பழைய 12 அப்படியே இருக்க, அடுத்த பெட்டிக்கு 13, அப்புறம் 14... பெல்ட் நிற்கவேயில்லை. நின்றுவிடும் என்று நம்பிக் கை நீட்டிய ஹெல்பர் அண்ணனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தது. ஃபோர்மேன் பாய்ந்து எமர்ஜென்சி ஸ்விட்சை அடித்தார். நல்லவேளை, சட்டை மட்டும்தான் கிழிந்தது.

பேசின் பிரிட்ஜில் ரயில் மாறித் திருவள்ளூர் வந்து சேரும்வரை எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.

மறுநாள் ஃபோர்மேன் திட்டவில்லை. ஃப்ளோசார்ட் போடச் சொன்னார். "அடுத்தடுத்து இருக்கிற ரெண்டு பெட்டியை ஒண்ணாக்கு. ஆம், இல்லைன்னு பிரிஞ்சு திரும்பச் சேருதா? அதையும் ஒண்ணாக்கு. லூப்பும் அப்படியே. கடைசியில ஒரே பெட்டி மிஞ்சணும்." சுருக்கினேன். என் ஜம்ப் இருந்த இடத்தில் சிக்கிக்கொண்டது!

இதையே தலைகீழாகச் செய்தால், ஒரே பெட்டியில் தொடங்கி விதிப்படி விரித்தால், அதுதான் வரைபட இலக்கணம் என்று பிறகு எங்கள் சார் சொன்னார். எந்தக் கணக்கையும் அந்த மூன்று அமைப்பிலேயே எழுதிவிடலாம் என்று போம், ஜகோபினி இருவரும் 1966-லேயே நிரூபித்துவிட்டார்களாம். நம்ம தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனோடு சேர்ந்து 1974-இல் கோலத்துக்கே இப்படி இலக்கணம் எழுதினார்கள். சின்னக் கோலத்திலிருந்து பெரிய கோலம் எந்த விதியில் வளர்கிறது என்பதுதான் விஷயம். அம்மாவிடம் சொன்னேன். "இழையை நடுவுல கொண்டுபோய் சொருகினா கோலம் கெடாதா? இதுக்கு ஒரு காலேஜா?" என்றார்.

ட்ரெய்னிங் முடிகிற அன்று அண்ணனுக்குச் சட்டை வாங்கித் தருவதாகச் சொன்னேன்.

"முழுக்கை வேணாம் தம்பி, அரைக்கை போதும்" என்றார்.