பொருத்து வீடும் கல்வீடும்

பொருத்து வீட்டுச் சர்ச்சை நினைவிருக்கா? 2016 இல் வடக்கு, கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள், ஒன்று ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா என்றார்கள். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது 5.5 இலட்சம். அதில் எழும்பியது கல்வீடு. ஊர் மேசனுக்கும் வேலை கிடைத்தது. மகளுக்குக் கல்யாணமென்றால் பக்கத்தில் ஓர் அறை கூட்டிக் கட்டலாம். வன்னி வெயிலில் இரும்புச் சுவருக்குள் எப்படிப் படுப்பது?

ஆனாலும் கொட்டிலில் இருந்தவர்கள் கிடைப்பதைக் கேட்டு விண்ணப்பித்தார்கள். அவர்களைக் குறை சொல்லேலாது. 1990 ஒக்டோபரில் வீடிழந்து வெளியேறிய வடக்கு முஸ்லிம்களாகிய எங்களுக்கும் அந்தத் தவிப்பு விளங்கும்.

அடுத்த திட்டம் கண்டாவளைக்கு வந்தால், வரைபடம் கீற முதல் எங்களைக் கேளுங்கோ. 2018 டிசம்பர் வெள்ளம் எந்த வளவில் எவ்வளவு ஏறியதென்று எங்களுக்குத்தான் தெரியும்.