தேயிலைச் சரிவில் ஒரு காவலர்

மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலில் ஏறி உட்கார்ந்தவுடனே எவருக்கும் பத்து வயது குறைந்துவிடுகிறது. 1899-ஆம் ஆண்டில் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகமண்டலம் வரையிலும் போடப்பட்ட பாதை அது. பன்னிரண்டு அடி முன்னே போனால் ஓரடி மேலே ஏறவேண்டிய இடங்களில், எஞ்சின் பல்சக்கரத்தால் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு பெருமூச்சு விட்டபடி ஏறுகிறது. ஜன்னலோரத்துக் குழந்தைகள் கை தட்டுகிறார்கள். பெரியவர்களுக்கும் ஆசைதான், கௌரவம் தடுக்கிறது.

நீலகிரிக்குப் போகிறவர்கள் பூங்காவையும் ஏரியையும் பார்த்துவிட்டுத் தேயிலைப் பொட்டலத்தோடு திரும்புவது வழக்கம். நான் இந்தத் தடவை போன காரியம் வேறு. குன்னூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சில வருஷங்கள் உபாத்தியாயராக இருந்தவன் நான். அங்கே என்னிடம் படித்த பெண்ணொருத்தி போலீஸ் பயிற்சியை முடித்து, நகரத்தில் உத்தியோகம் ஏற்குமுன் நான்கு நாள் லீவில் வந்திருப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தாள்.

அவளுடைய வீடு தோட்டத்து லயத்தில் ஓர் அறை. 1964-ஆம் வருஷத்து சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலைநாட்டிலிருந்து தாயகம் திரும்பியவர்களில் பல குடும்பங்கள் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறின. அவளுடைய தாயார் அப்படிக் கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். அங்கே பெற்றோர் கிள்ளியதும் தேயிலைக் கொழுந்து. இங்கே இவர் கிள்ளுவதும் தேயிலைக் கொழுந்து. நாடு மாறிற்று, முதுகுக் கூடை மாறவில்லை.

"ஸார், நான் போலீஸில் சேரப் போகிறேன்" என்று அந்தப் பெண் முதன்முதலில் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். வகுப்பில் பெயர் கூப்பிட்டாலே குரல் வெளிவராத பெண் அவள். ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

1991-இல் ஏற்பட்ட தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியமே காவலர்களைத் தேர்ந்தெடுக்கிறது. இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்கு மனுப் போடப் பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும். 2022-ஆம் வருஷத்து அறிவிப்பின்படி, முதலில் தமிழ்த் தகுதித் தேர்வு. அதில் 80-க்கு 32 மார்க்கு வாங்காவிட்டால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். பிறகு எழுத்துத் தேர்வுக்கு 70, உடல்திறனுக்கு 24, என்.ஸி.ஸி. முதலியவற்றுக்கு 6, ஆக 100 மார்க்கு. பொதுவாக ஆண்களுக்கு 170 செண்டிமீட்டர் உயரம் வேண்டும், பெண்களுக்கு 159. ஆண்கள் 1,500 மீட்டரை ஏழு நிமிஷத்திலும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிஷத்திலும் ஓடிக் காட்ட வேண்டும்.

நானூறு மீட்டர்தானே என்று சமவெளியில் வாழும் நேயர்கள் எண்ணக்கூடும். குன்னூர் சுமார் 6,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். அதைக் காட்டிலும் பெரிய சங்கடம், நானூறு மீட்டர் நீளத்துக்குச் சமதரை அகப்படாததுதான். இருபது மீட்டர்க் கயிறு ஒன்றை வைத்துக்கொண்டு, தோட்டத்து லாரிப் பாதையில் நானும் அவளும் இருபது தடவை அளந்து கல் நட்டோம். பாதி தூரம் ஏற்றம்; பாதி தூரம் இறக்கம்.

விடியற்காலையில் அங்கே மூடுபனி கவிந்திருக்கும். பனிக்குள் கறுப்பாக ஏதேனும் தென்பட்டால் அது பாறையா காட்டெருமையா என்று தெரிந்துகொண்ட பிறகே ஓட வேண்டும். ஒரு நாள் 'பாறை' தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டது. அன்றைக்கு அவள் இரண்டரை நிமிஷத்துக்கு வெகு முன்னதாகவே பந்தயத்தை முடித்துவிட்டாள்!

ஆனால் காட்டெருமையைவிடக் கடினமான தடை வீட்டிலேயே இருந்தது. "போலீஸ் வேலையா? வேண்டாம், வாத்தியாரையா" என்றார் தாயார். பல வருஷங்களுக்கு முன் அவர் ஒரு புகார் கொடுக்க ஏதோ ஒரு காவல் நிலையத்துக்குப் போனாராம். காலையிலிருந்து மாலை வரையில் நின்றார். பெஞ்சி காலியாக இருந்தது. உட்காரச் சொல்பவர் இல்லை. கூட நின்ற சிறு பெண் இவள்தான். "அதற்காகத்தான் அம்மா போகிறேன்" என்று அவள் பதில் சொன்னாள்.

தாயாரின் பயம் நேற்று முளைத்ததல்ல. 1859-இல் சென்னை மாகாணத்தில் சட்டமியற்றி அமைத்த போலீஸ் படை, அன்னிய ஆட்சியின் கையாக இருந்தது. 1932 ஜனவரியில் திருப்பூரில் கொடி ஏந்தி ஊர்வலம் சென்ற குமரன், போலீஸ் தடியடியில் விழுந்து மறுநாள் உயிர் நீத்தார். 1947-இல் கொடி மாறிற்று. தடியைக் கண்ட பயம் ஒரே நாளில் மாறுமா? தமிழ்நாட்டுப் போலீஸில் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதே 1973-இல்தான். மகளிருக்கென்று முதல் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் ஏற்பட்டது 1992-இல்.

காவலர் பயிற்சிப் பள்ளிகள் வேலூர், கோயம்புத்தூர் முதலிய சமவெளி ஊர்களில் இருக்கின்றன. பள்ளியில் ஏழு மாதம். பிறகு ஒரு மாதம் நேரடிப் பயிற்சி. மலையில் பிறந்தவளுக்கு வெயில்தான் முதல் ஹவில்தார் ஆயிற்று. விடியுமுன் ஓட்டம், கவாத்து, துப்பாக்கி, லத்தி. பிற்பகல் சட்ட வகுப்பு. 2024 ஜூலை முதல் தேதி அமுலுக்கு வந்த புதிய சட்டங்களில் எண்களெல்லாம் மாறிவிட்டன. "கொலைக்கு 302 போய் 103 வந்துவிட்டது, ஸார். ஊரெல்லாம் வைது பழகிய நானூற்றிருபதும் இப்போது 318!" என்று சொல்லிச் சிரித்தாள். பெயர் கூப்பிட்டால் நடுங்கிய குரலா அது என்று நான் வியந்துகொண்டிருந்தேன்.

சுவரில் கொழுந்துக் கூடை மாட்டிய ஆணிக்குப் பக்கத்தில் இன்னோர் ஆணியில் அவளுடைய தொப்பி தொங்கிற்று. தாயார் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் மெதுவாகக் கேட்டேன்: "அந்தக் காலி பெஞ்சி ஞாபகம் இருக்கிறதா, அம்மா? இந்த ஏழு மாதக் கவாத்தில் அது அழிந்துவிடவில்லையே?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை.

"முதலில் நகர ஆயுதப் படையில்தான் வேலை, ஸார். பந்தோபஸ்து, காவல், அணிவகுப்பு. ஸ்டேஷன் மேஜைக்கு வந்து சேரப் பல வருஷங்கள் ஆகும். அதற்குள் நானும் பழகிப்போய்விடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது."

பரீட்சைக்கும் ஓட்டத்துக்கும் வழி சொன்ன உபாத்தியாயருக்கு இதற்கு விடை தெரியவில்லை. தாயார்தான் என் கையில் தேநீரைக் கொடுத்துவிட்டு, மகளைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"நீ மேஜைக்கு வந்ததும் சொல்லியனுப்பு. நான் ஒரு நாள் வந்து வாசலில் நிற்கிறேன். உட்காரச் சொல்கிறாயா என்று பார்க்கலாம்."