வாப்பாவின் 22 நிமிடம்



பாடசாலைப் பரிசளிப்பு விழா வருகிறது. "சேர், போன்ல 4கே வச்சி எடுப்பமா?" என்று நேற்று ஒரு பெற்றார் கேட்டார். வேண்டாம் என்று பட்டென்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

நாலு வருடத்துக்கு முன் வாப்பாவை உட்கார வைத்து வீடியோ எடுத்தேன். யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்து, ஒஸ்மானியாவில் படித்து, 1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணி நேர அவகாசத்தில் விரட்டப்பட்டு, புத்தளத்துக்கு வந்து சேர்ந்தவர். அதைப் பற்றி வாய் திறக்கவே மாட்டார். அன்று அஸருக்குப் பிறகு, சொல்கிறேன் என்றார். என்னிடம் புதுப் போன். இருப்பதில் பெரிய நம்பர்தான் நல்லது என்று நினைத்து 4கே, 60 பிரேம் வைத்தேன். திருத்தாத கொப்பிகளை அடுக்கி, போனைச் சாய்த்து வைத்துவிட்டு, வாப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை மணித்தியாலம் பேசினார்.

பதிவானது 22 நிமிடம். போனில் இடம் முடிந்து தானாக நின்றிருக்கிறது. அந்த 22 நிமிடத்தில் அப்பாவின் தையல் கடை இருக்கிறது, பள்ளிக்கூடக் குறும்பு இருக்கிறது. தாடியில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிகிறது. ஊரை விட்டு வந்த நாள் மட்டும் இல்லை.

பிறகு இரண்டு தடவை கேட்டேன். "மகன், அன்டைக்கே எல்லாம் சொல்லிட்டேன்தானே" என்றார். மறு வருடம் வபாத்தானார்.

கணக்கு சின்னது. (கணித வாத்தியார் வேறு, வெட்கம்!) 4கே படத்தில் 1080இல் உள்ளதைப் போல நாலு மடங்கு புள்ளிகள். ஐபோன் செட்டிங்கிலேயே போட்டிருக்கும்: புது முறையில் சேமித்தால் 4கே 60 பிரேமுக்கு நிமிடத்துக்கு 400 எம்பி, 1080 30 பிரேமுக்கு 60 எம்பி. என் போனும் கிட்டத்தட்ட அப்படித்தான். அன்று மிச்சம் இருந்தது 9 ஜீபி. 1080இல் வைத்திருந்தால் இரண்டரை மணித்தியாலம் ஓடியிருக்கும்.

4கே கூடாது என்று சொல்லவில்லை. தூரத்தில் நிற்கும் பிள்ளையைப் பிறகு பெரிதாக்கி வெட்டி எடுக்க அது உதவும். ஆனால் மைதானத்து வெயிலில் போன் சூடேறிப் பாதியில் நிற்கலாம். கஷ்டப்பட்டு எடுத்ததை வட்ஸ்அப் குழுவில் வீடியோவாகப் போட்டால் அது வழக்கமாகச் சுருக்கித்தான் அனுப்பும். குரலுக்கோ 4கேயால் ஒரு நன்மையும் இல்லை. வாப்பாவிடம் எனக்கு வேண்டியிருந்தது குரல்தான்.

ஆகவே விழாவுக்கு 1080, 30 பிரேம். முதல் நாளே போனில் இடத்தைப் பாருங்கள். எடுக்கும்போது ஃபிளைட் மோடில் போடுங்கள், நடுவில் கோல் வராது. ஒரு நிமிடம் எடுத்து, சத்தம் கேட்கிறதா என்று போட்டுப் பாருங்கள்.

சாச்சாவுக்கு 1990இல் 12 வயது. இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கிறார். போனைத் துடைத்துக் காலியாக்கிவிட்டேன். மகளையும் கூட்டிப் போகிறேன், ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருக்க.