ரோடு இளைச்சா டிராஃபிக் எங்கே போகும்?

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தி.நகருக்கு வண்டியில போற ஐடியா இருக்கா பாஸ்? அதை அப்படியே மடிச்சு பாக்கெட்ல வெச்சுட்டு, மாம்பலம் ஸ்டேஷனுக்கு ஒரு எலெக்ட்ரிக் ட்ரெயின் டிக்கெட் எடுங்க. இன்னிக்கு நடக்கப் போறோம். பயப்படாதீங்க, ரொம்ப தூரமில்லை. மாம்பலத்துல ஆரம்பிச்சு பாண்டி பஜார் தாண்டி தணிகாசலம் ரோடு வரைக்கும்தான். ஆனா இந்தத் துண்டு தூரத்துக்குள்ள, 'ரோடு யாருக்கு?'ங்கற ஒரே கேள்விக்கு சென்னை ரெண்டு எதிரெதிர் பதில் எழுதி, ரெண்டுக்கும் கோடிக்கணக்குல செலவு பண்ணியிருக்கு. அதைப் பார்க்கத்தான் இந்த டூர்!

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததுமே முதல் சாய்ஸ். மேல ஒரு பாதை, கீழ ஒரு பாதை. மேல போறது ஆகாய நடைபாதை. மாம்பலம் ஸ்டேஷனையும் தி.நகர் பஸ் ஸ்டாண்டையும் இணைக்கிற 570 மீட்டர் பாலம். 28.45 கோடி ரூபாய் செலவுல கட்டி, 2023 மே 16-ல திறந்தாங்க. லிஃப்ட் இருக்கு, எஸ்கலேட்டர் இருக்கு. பெட்டி படுக்கையோட பஸ் பிடிக்க ஓடறவங்களுக்கு வரப்பிரசாதம். கீழ போறது ரங்கநாதன் தெரு. அங்கே நாம நடக்க வேண்டிய அவசியமே இல்லை, கூட்டமே தூக்கிட்டுப் போயிடும். நமக்குக் கீழ்வழிதான். இவ்வளவு பேர் ஒரு தெருவுல எப்படிக் கடந்து போறாங்கன்னு பார்க்காம பாண்டி பஜாரைப் புரிஞ்சுக்க முடியாது. ஒரு காரை அந்தத் தெருவுக்குள்ள நினைச்சுப் பாருங்க. அவ்வளவுதான், மொத்தத் தெருவும் க்ளோஸ்!

வெளியே வந்தா உஸ்மான் ரோடு. இங்கேதான் பதில் நம்பர் ஒண்ணு நிக்குது: மேம்பாலம். ஏற்கெனவே இருந்த மேம்பாலத்தை நீட்டி, தெற்கு உஸ்மான் ரோட்டுலேர்ந்து சி.ஐ.டி. நகர் வரை இரும்புப் பாலம் போட்டாங்க. நீளம் சுமார் 1.2 கிலோமீட்டர். செலவு சுமார் 165 கோடி. 2025 செப்டம்பர் கடைசியில திறப்பு விழா. வேலை நடந்த ரெண்டு வருஷத்துக்கும் மேல இந்தப் பக்கம் கடை வெச்சிருந்தவங்க பட்ட பாடு, அவங்ககிட்ட கேட்டாத்தான் தெரியும். தகரத் தடுப்புக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கற கடைக்கு எந்தக் கஸ்டமர் வருவார்?

மேம்பாலம் யாருக்குன்னு யோசிங்க. தி.நகருக்கு வர்றவங்களுக்கு இல்லை, தி.நகரைத் தாண்டிப் போறவங்களுக்கு. தப்பில்லை, அவங்களும் நம்ம ஊர்க்காரங்கதான். என் கேள்வி வேற. தாண்டிப் போற வண்டியெல்லாம் மேல ஏறிப் போச்சுன்னா, கீழ மிச்சமாகிற தரை யாருக்குக் கிடைக்கணும்? நடக்கறவங்களுக்குத்தானே? தூண் ஓரமா நடந்து பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க.

அப்படியே வடக்கே வந்தா பனகல் பார்க். ஒரு குட்டி ஜி.கே: பனகல் ராஜா, உஸ்மான், தியாகராயர்... எல்லாருமே நீதிக் கட்சித் தலைவர்கள். 1920-கள்ல மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்து இந்த ஏரியாவை உருவாக்கினப்போ, பார்க்குக்கும் ரோட்டுக்கும் அவங்க பேரையே வெச்சுட்டாங்க. பாண்டி பஜார்ல இருக்கற 'பாண்டி'கூட பாண்டிச்சேரி இல்லை பாஸ், சௌந்தரபாண்டியனார்! நாம 'பாண்டி பஜார்'னு செல்லமா கூப்பிடற இடத்துக்கு முழுப் பேர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. ஏரின்னு சொன்னேன்ல, அதை ஞாபகம் வெச்சுக்கங்க. பின்னாடி வேலை இருக்கு.

பனகல் பார்க்குலேர்ந்து கிழக்கே திரும்பினா தியாகராய ரோடு. பதில் நம்பர் ரெண்டு இதுதான். இங்கேர்ந்து தணிகாசலம் ரோடு வரை சுமார் 700 மீட்டருக்கு ரோட்டை ஒல்லியாக்கி, ரெண்டு பக்கமும் நடைபாதையைக் குண்டாக்கினாங்க. கல் தரை, பெஞ்சு, விளக்கு, குட்டீஸுக்கு விளையாட்டுச் சாமான், பார்வையில்லாதவங்க கால்ல தடவி வழி தெரிஞ்சுக்கற மேடுபள்ள டைல்ஸ்... ஸ்மார்ட் சிட்டி திட்டத்துல கிட்டத்தட்ட 40 கோடி ரூபாய் வேலை. 2019 நவம்பர் 13-ல அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி திறந்து வெச்சார்.

திட்டம்னு பேச்சு வந்தப்போவே 'ஏற்கெனவே தி.நகர் நெரிசல்ல திணறுது. இதுல ரோட்டை வேற குறுக்கினா என்ன ஆகும்?'னு ஒரு கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனா அதுக்குள்ள ஒரு ஓட்டை இருக்கு. பழைய பாண்டி பஜாரை உங்க அம்மா, சித்திகிட்ட கேட்டுப் பாருங்க. ரெண்டு ஓரமும் நிறுத்தி வெச்ச கார், அதை ஒட்டி டூவீலர், நடைபாதையில கடை. ரோடு அகலமாத்தான் இருந்துச்சு. ஓடற அகலம் எவ்வளவு இருந்துச்சு? பார்க்கிங்லேர்ந்து ஒரே ஒரு கார் ரிவர்ஸ் எடுத்தா போதும், பின்னாடி வர்ற பஸ், ஆட்டோ எல்லாம் கும்பிடு போட்டு நிக்கணும். நடக்க இடமில்லாத ஜனம் ரோட்டுல இறங்கி நடக்கும். இன்னொரு லேன் அவுட்!

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல அரியர் வெச்சவங்களுக்கும் புரியற விஷயம் இது. பைப்பு எவ்வளவு பெருசா இருந்தாலும், அதுல இருக்கற ரொம்பக் குறுகலான இடம் எவ்வளவு விடுதோ அவ்வளவுதான் தண்ணி வரும். பாண்டி பஜாருக்கு அந்தக் குறுகல், ரெண்டு கோடியில இருக்கற சிக்னல்கள். நடுவுல இருந்த உபரி அகலம் டிராஃபிக்குக்குப் பயன்படவே இல்லை. கார் தூங்கறதுக்குத்தான் பயன்பட்டுச்சு. அதனால, பிளாசா வந்தப்போ பெரும்பாலும் பறிபோனது ரோடு இல்லை பாஸ், ஓசி பார்க்கிங். ஒரு கார் நிறுத்த ரெண்டரை மீட்டருக்கு அஞ்சு மீட்டர், அதாவது 12.5 சதுர மீட்டர் வேணும். நம்ம ஹாஸ்டல்ல மூணு பேர் படுக்கற ரூம் அது! தி.நகர் மாதிரி இடத்துல அவ்வளவு நிலத்தை ஒருத்தர் புடவை எடுத்து முடிக்கிற வரைக்கும் சும்மா குடுத்துட்டிருந்தோம். இப்போ அதுக்குப் பக்கத்துலயே 200-க்கும் மேற்பட்ட கார்கள் நிக்கிற அடுக்குமாடி பார்க்கிங் இருக்கு.

'சரி, குறைஞ்ச இடத்துல வர முடியாத வண்டியெல்லாம் எங்கே போச்சு?' கொஞ்சம் ஜி.என். செட்டி ரோட்டுக்கும் வெங்கடநாராயணா ரோட்டுக்கும் போச்சு. கொஞ்சம் உள்தெருக்களுக்குப் போய் யார் வீட்டு கேட்டையோ மறிச்சுட்டு நிக்குது. அந்தத் தெருக்காரங்க கோபம் நிஜம்; பிளாசாவைப் புகழறவங்க அதை மறைக்கக் கூடாது. ஆனா மிச்சம் கொஞ்சம் வண்டி எங்கேயுமே போகலைன்னா நம்புவீங்களா? பிரிட்டனைச் சேர்ந்த கேர்ன்ஸ், அட்கின்ஸ், குட்வின்னு மூணு ஆய்வாளர்கள், பல நாடுகள்ல ரோட்டுல வண்டிக்கான இடத்தைக் குறைச்ச 70 சம்பவங்களை அலசி 2002-ல ஒரு கட்டுரை போட்டாங்க. அதுல பாதி இடங்கள்ல, முன்னாடி ஓடின வண்டிகள்ல 11 சதவிகிதத்துக்கும் மேல அந்த ரோட்டுலயும் இல்லை, பக்கத்து ரோடுகள்லயும் இல்லை. ஆவியாயிடுச்சு! மாயமந்திரம் இல்லை. ஒருத்தர் ட்ரெயினுக்கு மாறியிருப்பார். ஒருத்தர் கூட்டமில்லாத நேரமாப் பார்த்து வந்திருப்பார். மூணு தடவை வர்றவர் ஒரே தடவையில எல்லாத்தையும் வாங்கிட்டுப் போயிருப்பார்.

சியோல்ல இதை இன்னும் தைரியமா செஞ்சாங்க. சோங்கேசோன்ங்கற ஓடைக்கு மேல ஓடின நெடுஞ்சாலை மேம்பாலத்தை 2003-ல இடிக்க ஆரம்பிச்சு, 2005-ல ஓடையை மக்கள்கிட்ட திருப்பிக் குடுத்தாங்க. ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கும் மேல வண்டி ஓடின பாலம் அது. ஊர் ஸ்தம்பிக்கலை. ஆனா ஒண்ணு, கூடவே பஸ் சர்வீஸையும் தலைகீழா மாத்தி அமைச்சாங்க. ரோட்டைச் சுருக்கினா மட்டும் போதாது, வர்றதுக்கு வேற வழி குடுக்கணும். தி.நகருக்கு ட்ரெயின் இருக்கு, பஸ் இருக்கு. ரெண்டாம் கட்ட மெட்ரோவுக்கு பனகல் பார்க்குல நிலத்தடி ஸ்டேஷன் போட்டிருக்காங்க. மத்த ஏரியாவுக்கெல்லாம் இந்த அதிர்ஷ்டம் இல்லை.

ஆரம்பத்துல இந்த பிளாசாவுக்கு நேரமே சரியில்லை. திறந்த நாலு மாசத்துல, 2020 மார்ச்ல ஊரடங்கு. வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. அடுத்தது 2021 நவம்பர் மழை. தி.நகர்ல பல ரோடுகள்ல தண்ணி வடிய நாள்கணக்காச்சு. மாம்பலம் கால்வாய்ல நடந்துட்டிருந்த வேலையால அடைப்புன்னு புகார். ஸ்மார்ட் சிட்டி வேலைகளை விசாரிக்க ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி டேவிதார் தலைமையில கமிஷன் போட்டாங்க. ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே ஏரி... பழைய அட்ரஸுக்கே திரும்பி வந்து நின்னுச்சு! ரோட்டுக்கு மேல எவ்வளவு அழகா கல் பதிச்சாலும், அடியில தண்ணி போக வழி இல்லைன்னா அது ரோடு இல்லை, மூடி போட்ட பாத்திரம்.

இப்போ நடைபாதையில நிதானமா நடங்க. பெஞ்சுல ஒரு தாத்தா பாட்டி. சக்கர நாற்காலியில ஒரு அக்கா. பாண்டி பஜார்ல யார் துணையும் இல்லாம சக்கர நாற்காலி போகுதுங்கறதே எனக்குப் பெரிய விஷயமாப் படுது. திடீர்னு பின்னாடி ஹாரன்! ஆமாம், நடைபாதை மேலயே. 'ஒரு நிமிஷம்ணே, இதோ இங்கதான்'னு ஒரு பைக். பைக் ஏறாம இருக்க குட்டைத் தூண்கள் நட்டிருக்காங்களேன்னு கேட்பீங்க. அங்கேதான் இன்ஜினீயருக்கு செக். சக்கர நாற்காலி நிம்மதியா நுழைய கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் இடைவெளி வேணும். நம்ம ஊர் பைக்கோட ஹேண்டில்பார் அதைவிடக் குறைச்சல்தான். பைக்கைத் தடுக்கற தூண் அந்த அக்காவையும் தடுக்கும்; அக்காவை விடற தூண் பைக்கையும் விடும். இதுக்கு டிசைன்ல தீர்வே கிடையாது. போலீஸும் நம்ம வெட்கமும்தான் தீர்வு. ரெண்டாவது ஐட்டம் ஸ்டாக் இருக்கான்னு பைக் வெச்சிருக்கற மச்சிகளைத்தான் கேட்கணும்.

இன்னொரு விஷயமும் உறுத்துது. இங்கே நடைபாதையில கடை போட்டிருந்த 600 பேர் வரைக்கும் 2013-ல பக்கத்து வணிக வளாகத்துக்குப் போனாங்க. அடுத்த வருஷமே, 2014-ல, தெரு வியாபாரிகளுக்குன்னு மத்திய அரசு தனிச் சட்டம் கொண்டு வந்துச்சு. கணக்கெடுக்காம யாரையும் கிளப்பக் கூடாதுன்னு. சும்மா நடந்து போற ஆளு வளையல் வாங்கறது தரையில விரிச்ச கடையிலதான், மாடி ஏறிப் போய் இல்லை. பிளாசா அகலமானதும் சிலர் திரும்ப வந்து விரிக்கறாங்க, விரட்டினா சுருட்டறாங்க. இவ்வளவு அகலமான இடத்துல கோடு போட்டு, 'இது நடக்க, இது விக்க'ன்னு பிரிச்சுக் குடுத்தா என்ன குறைஞ்சுடும்? பைக்குக்குக் கிடைக்கற இடம் பூக்கார அம்மாவுக்குக் கிடைக்கக் கூடாதா?

தணிகாசலம் ரோடு வந்தாச்சு. அகல நடைபாதை இங்கே முடியுது. முடியற இடத்துல ஓரமா நின்னு ஒரு சின்ன வேலை பண்ணுங்க. சிவில் பசங்க டிராஃபிக் சர்வேன்னு எண்ணுவாங்களே, அது. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் நகரச் சாலைகளுக்கு 1990-ல ஒரு பட்டியல் போட்டுச்சு. கார்னா 1, டூவீலர்னா 0.5 இல்ல 0.75, பஸ்ஸுன்னா 2.2-லேர்ந்து 3.7, சைக்கிள்னா 0.4 இல்ல 0.5. தள்ளுவண்டிக்குக்கூட 2 உண்டு. எந்த வண்டி ரோட்டுல எவ்வளவு இடம் பிடிக்குதுன்னு கணக்கு. நானும் இந்தப் பட்டியலை மேலேர்ந்து கீழே, கீழேர்ந்து மேலேன்னு படிச்சுட்டேன். நடக்கறவனுக்கு அதுல நம்பரே இல்லை. அவனுக்கு நடைபாதைக்குன்னு தனிப் புத்தகம் உண்டு, குறைஞ்சது 1.8 மீட்டர் தடங்கலில்லாம விடணும்னு அதுல எழுதியிருக்கு. எந்த ரோட்டை அகலப்படுத்தணும்னு முடிவு பண்ற மீட்டிங்ல மேஜை மேல இருக்கறது முதல் பட்டியல்தான். சென்னை மாநகராட்சி 2014-லயே, போக்குவரத்துக்கு ஒதுக்கற பணத்துல 60 சதவிகிதத்தை நடக்கறவங்களுக்கும் சைக்கிளுக்கும்னு கொள்கை அறிவிச்சுது. இந்தியாவுலயே முதல் ஊர் நாமதான்னு காலரைத் தூக்கிவிட்டுக்கலாம். இந்த 700 மீட்டருக்கு வெளியே அந்த 60-ஐ எங்கே பார்க்கலாம்னு உங்க வார்டு கவுன்சிலரைக் கேட்டுப் பாருங்க.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல, ஒரு நோட்டு, ரெண்டு கலர் பேனா. ஒரு கலர் வண்டிக்கு, இன்னொண்ணு ஆளுக்கு. பதினஞ்சு நிமிஷம் போதும். எண்ணி முடிச்சுட்டு ஸ்டேஷனுக்குத் திரும்பறப்போ ஆகாயப் பாதை வேண்டாம், ரங்கநாதன் தெரு வழியாவே வாங்க. நோட்டை மட்டும் பத்திரமா பைக்குள்ள வெச்சுடுங்க. அங்கே எண்ணவெல்லாம் முடியாது!