குடத்தில் இல்லாத ஓலை

ஏனாத்தூரில் என் அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் இரண்டு விஷயம் நிச்சயம். ஒன்று, சொம்பு நிறைய மோர். இன்னொன்று, பரீட்சை.

அத்தையின் பேத்தி டி.என்.பி.எஸ்.ஸி.க்குப் படிக்கிறாள். கைடும் கையுமாக வாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை மடக்குவாள். கீரைக்காரம்மாகூட அந்த வீட்டை மட்டும் கொஞ்சம் வேகமாகத்தான் கடக்கிறார்.

"மாமா, ஆப்பிரிக்காவுல தேர்தல்ல ஜெயிச்சு வந்த முதல் பெண் அதிபர் யாரு?"

"எல்லன் ஜான்சன் சர்லீஃப். நாடு லைபீரியா. பதவி ஏற்றது 2006 ஜனவரி" என்றேன், கொஞ்சம் மிதப்பாகவே.

"ஒரு மார்க்!"

உள்ளேயிருந்து அத்தையின் குரல். "ஜெயிச்சாங்க, சரி. அப்புறம் என்ன பண்ணாங்க? அந்தம்மாவே பண்ணாங்களா, இல்ல அவங்க பேர்ல வேற யாராவது பண்ணாங்களா?"

இந்தக் கேள்வி எந்த கைடிலும் கிடையாது. அத்தையிடம் இருந்ததற்குக் காரணம் உண்டு. 1996-ல் புதிய பஞ்சாயத்துச் சட்டப்படி தமிழ்நாட்டில் முதல் தேர்தல் நடந்தது. மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. அத்தை அப்போது வேறொரு ஊரில் இருந்தார். வார்டு மெம்பராகவும் ஆனார். ஆனால் கூட்டத்துக்குப் போனது மாமா! தீர்மானப் புத்தகம் மட்டும் வீடு தேடி வரும்.

"குழம்பு தாளிச்சுக்கிட்டே கையெழுத்துப் போடுவேன். அஞ்சு வருஷம் போட்டேன். எதுக்குப் போட்டேன்னு இன்னி வரைக்கும் தெரியாது" என்றார் அத்தை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பி.காம். படித்தவனுக்குக் கணக்குப் பார்க்காமல் போட்ட கையெழுத்து என்றாலே வயிற்றைப் பிசையும்.

"சாயங்காலம் வந்து சொல்றேன் அத்தை" என்று நழுவி, உத்திரமேரூருக்கு பஸ் ஏறினேன். பேத்தியின் உத்தரவு வேறு: "குடவோலைக் கல்வெட்டு பாடத்துல வருது மாமா. போட்டோ எடுத்துட்டு வாங்க."

வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபம். பெரிய கோபுரத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். இங்கே பார்க்கவேண்டியது சுவர்தான். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய எழுத்துக்கள். ஊரில் முப்பது குடும்பு. ஒவ்வொன்றிலும் தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட வேண்டும். விவரம் அறியாத ஒரு சின்னப் பையன் கையை விட்டு எடுப்பான். சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம்... எல்லாம் ஒரே ஒரு வருஷத்துக்குத்தான். அந்த ஏரி வாரியத்துக்கு வேலை வைத்த வயிரமேகத் தடாகம் இன்னும் ஊருக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது.

எனக்குப் பிடித்தது தகுதியைவிடத் தகுதியின்மைப் பட்டியல். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துக்குள் போகக் கூடாது. அவனோடு போகிறதா என்றால் அதுவும் இல்லை. அவன் அப்பா, மகன், அண்ணன் தம்பி, மாமனார், மருமகன், மச்சான், பெரியம்மா சித்தி பிள்ளைகள் என்று கல்யாணப் பத்திரிகை மாதிரி நீள்கிறது பட்டியல். அத்தனை பேருக்கும் கதவடைப்பு!

ஒரு குறை. அந்தக் குடத்தில் பெண் பெயர் எழுதிய ஓலை ஒன்றுகூடக் கிடையாது. சொந்த நிலம், சொந்த வீடு, வேதப் படிப்பு உள்ள ஆண்களுக்கான குடம் அது.

சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அத்தைக்கான பதில் கிடைத்தது. லைபீரியா அம்மாவையும் இதே தராசில் நிறுத்தினால் என்ன?

சாயங்காலம் திண்ணையில் ஆரம்பித்தேன்.

"அந்தம்மா படிச்சது கணக்குப் பாடம், அத்தை. நம்ம ஜாதி. அமெரிக்காவுல அக்கவுண்டன்ஸி, அப்புறம் பொருளாதாரம். 1979-லயே நிதி மந்திரி. மறு வருஷம் ராணுவப் புரட்சி. 1985-ல ஜெயில். 1989-லேர்ந்து 2003 வரைக்கும் நாட்டுல உள்நாட்டுச் சண்டை, நடுவுல கொஞ்சநாள்தான் ஓய்வு. ரெண்டரை லட்சம் பேர் போயிட்டாங்கன்னு கணக்கு. இவங்க பதவிக்கு வந்தப்ப தலைநகர் மன்ரோவியாவுல தெருவிளக்கு எரிஞ்சு பதினஞ்சு வருஷம் ஆச்சு."

"கடன்?" என்றார் அத்தை. சரியான இடத்தில் கை வைத்தார்.

"சுமார் 490 கோடி டாலர். அரசாங்கத்தோட வருஷ பட்ஜெட்டோ ஏறக்குறைய 8 கோடி டாலர்தான். பேசிப் பேசியே 2010-க்குள்ள பெரும்பகுதியைத் தள்ளுபடி பண்ண வெச்சுட்டாங்க. 2006 ஜூலையில தெருவிளக்கு எரிஞ்சுது. 2011-ல நோபல் பரிசு."

பேத்திக்கு வேறொரு செய்தி வைத்திருந்தேன். 2007-ல் ஐ.நா. சார்பில் லைபீரியா போன முழுப் பெண்கள் போலீஸ் படை நம்முடையது. மத்திய ரிசர்வ் போலீஸ் பெண்கள். ஐ.நா. வரலாற்றிலேயே அப்படி ஒரு படை அதுதான் முதல். அதிபர் அலுவலகத்துக்குக் காவல் நின்றதும் அவர்கள்தான்.

"இது கைடுல இல்லையே!" என்று பென்சிலைத் தேடினாள்.

"குறையே கெடையாதா?" - அத்தை.

"இருக்கு. மகன்களுக்குப் பெரிய பெரிய பதவி. உத்திரமேரூர்ச் சுவர் பார்த்தா முகம் சுளிக்கும். ஊரும் சும்மா விடல. ஆனா 2012-ல சொத்துக் கணக்குக் காட்டாத 46 அதிகாரிகளைச் சஸ்பெண்ட் பண்ணாங்க. அதுல ஒருத்தர் மத்திய வங்கி துணை கவர்னர். அவங்க சொந்த மகன்."

அத்தை கொஞ்சநேரம் பேசவில்லை.

"2014-ல எபோலா காய்ச்சல் வந்து கட்டின வீட்டுல பாதியைச் சரிச்சுது. ஏழ்மை போயிடல. ஆனா 2018 ஜனவரியில ரெண்டு தவணை முடிஞ்சதும், 2005 தேர்தல்ல தன்கிட்ட தோத்த ஃபுட்பால்காரர் ஜார்ஜ் வெயா கையிலயே நாற்காலியைக் கொடுத்துட்டு எழுந்து போனாங்க. அங்கே தேர்தல்ல வந்த ஒருத்தர் இன்னொருத்தருக்கு அமைதியா ஆட்சியை மாத்திக் கொடுத்தது 1944-க்கு அப்புறம் அதுதான் முதல் தடவை."

"அப்ப கையெழுத்து அவங்களோடதுதான்" என்று தீர்ப்புச் சொன்னார் அத்தை. "நல்லதுக்கும் அவங்கதான். தப்புக்கும் அவங்கதான்."

தமிழ்நாட்டில் 2016-லிருந்து உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம். காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில் அந்தச் சட்டப்படி 2021 அக்டோபரில் தேர்தலும் நடந்தது. குடத்துக்குள் ஓலை போய்விட்டது. ஓலையில் இருக்கிற பேருக்குரியவர் தீர்மானப் புத்தகத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறாரா என்பதுதான் பாக்கி.

கிளம்பும்போது அத்தை கேட்டார். "கிராம சபையில வரவு செலவு படிப்பாங்களாமே... யார் வேணா கேக்கலாமா?"

"ஊர் ஓட்டர் லிஸ்டுல பேர் இருந்தாப் போதும், அத்தை. தாராளமா கேக்கலாம்."

"அடுத்தது எப்போ?"

பேத்தி கைடைப் புரட்டவே இல்லை. தேதி அவளுக்கு மனப்பாடம்.